வானவில்லை இருட்டறைக்குள் கொண்டுவந்த கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி

மழை ஓய்ந்தும் ஓயாத மாலை வேளையில் கிழக்கே வில் தோன்றினால், பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். நாமும் பின்னாலேயே போகிறோம். அது ஏன் எப்போதும் வளைந்தே இருக்கிறது, சிவப்பு ஏன் வெளிப்பக்கத்தில் இருக்கிறது, சில நாள்களில் மட்டும் மேலே மங்கலாக இன்னொரு வில் ஏன் தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்கும்போது, பள்ளியில் படித்த ஞாபகத்தில் நியூட்டன் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். வில்லின் பாதிக் கேள்விக்கு நியூட்டனின் நூல் வெளிவருவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சரியான விடை எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பாரசீகத்தின் தப்ரீஸ் நகரத்து அறிஞர் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி.

இப்னு சீனா, அல்-குவாரிஸ்மி, இப்னு அல்-ஹைஸம் ஆகிய பெயர்கள் நம் வீடுகளில் பழக்கமானவை. அல்-ஃபாரிஸியின் பெயர் வானவில்லைப் பற்றிய வரலாறுகளில் இடம்பெறுகிறது. நம் வீடுகளுக்குள்தான் அதிகம் வரவில்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உலகின் எல்லாக் கண்டுபிடிப்பையும் நம்மவர்களே முதலில் செய்தார்கள் என்று மேடையில் அடுக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடானதல்ல. அல்-ஃபாரிஸிக்கு அப்படிப்பட்ட மிகைப்படுத்தல் தேவையும் இல்லை. அவர் எதைக் கண்டார், எதில் தவறினார் என்பதை உள்ளபடி சொன்னாலே போதும்.

அவர் பிறந்தது 1267 வாக்கில். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1258இல், ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதைச் சூறையாடியிருந்தது. கலீஃபா கொல்லப்பட்டார், நூலகங்கள் அழிந்தன. எந்த ஊரில் எந்தக் கிதாப் மிஞ்சியிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாத காலம் அது. ஆனால் அதே ஹுலாகுவின் ஆதரவில்தான் 1259இல் மராகா நகரில் நஸீருத்தீன் அத்-தூஸியின் தலைமையில் புகழ்பெற்ற வானாய்வுக்கூடம் எழுந்தது. அழித்த கையே கட்டிக்கொடுத்த இந்த முரணை வரலாற்றில் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹுலாகுவின் வாரிசுகள் தப்ரீஸைத் தலைநகராக்கினார்கள். 1295இல் ஆட்சிக்கு வந்த காஸான் கான் இஸ்லாத்தை ஏற்றார். அவருடைய அமைச்சர் ரஷீதுத்தீன் தப்ரீஸின் ஓரத்தில் மருத்துவமனை, நூலகம், கல்விக்கூடம் எல்லாம் கொண்ட ஒரு குடியிருப்பையே உருவாக்கினார். அல்-ஃபாரிஸி இளைஞராக இருந்த காலத்தில் அந்த நகரத்துக்கு அறிஞர்கள் பல திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள்.

அவருக்கு வாய்த்த உஸ்தாத் குத்புத்தீன் அஷ்-ஷீராஸி. இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மாணவரின் பாதையைத் திறந்துவிட்டவர் இவர்தான். 1236இல் ஷீராஸில் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இறந்தபோது இவருக்குப் பதினான்கு வயது. அந்த வயதிலேயே தந்தை பணியாற்றிய மருத்துவமனையில் மருத்துவரானார். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலான அல்-கானூனை முழுமையாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே தாகம் அவரை ஊர் ஊராக அலைய வைத்தது. மராகாவுக்குப் போய் அத்-தூஸியிடம் வானியல் கற்றார். அனடோலியாவின் சிவாஸில் காழியாக இருந்தார். 1282இல் மங்கோலிய ஆட்சியாளரின் தூதுக்குழுவில் எகிப்து சென்றவர், அரசியல் வேலையோடு வேலையாக, அல்-கானூனுக்கு அங்கே எழுதப்பட்டிருந்த விளக்கவுரைகளையும் தேடி எடுத்துவந்தார். இறுதிக் காலத்தில் தப்ரீஸில் தங்கி, 1311இல் அங்கேயே இறந்தார். ஒரு நூலுக்காக வாழ்நாள் முழுவதும் அலைந்த இந்த மனிதரிடம்தான் அல்-ஃபாரிஸி பாடம் கேட்டார்.

அல்-ஃபாரிஸியை உறுத்திய கேள்வி எளிமையானது. தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் கரண்டியைப் போட்டால் அது வளைந்ததுபோல் தெரிகிறதே, அதுதான் ஒளிவிலகல். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி நேராகப் போகாமல் சற்றுத் திசை மாறுகிறது. இதைப் பற்றிப் பெரிய அறிஞர்களின் நூல்களில் எழுதியிருந்தவை அவருக்கு ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சிலர் சொன்னதும் கண்ணால் பார்ப்பதும் வேறாக இருந்தன. பெயர் பெற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டுவிடவில்லை, உஸ்தாதிடம் கொண்டுபோனார்.

குத்புத்தீன் யோசித்துப் பார்த்தார். சிறுவயதில் ஃபார்ஸ் பகுதி நூலகம் ஒன்றில், இரண்டு பெரும் பாகங்களாக, இப்னு அல்-ஹைஸம் எழுதிய ஒளியியல் நூலைப் பார்த்தது அவருக்கு நினைவு வந்தது. எப்போதோ கண்ணில் பட்ட கிதாப் அது. அதைத் தேடச் சொல்லி ஆளனுப்பி, தொலைதூர நாடு ஒன்றிலிருந்து ஒரு பிரதியை வரவழைத்து மாணவரின் கையில் கொடுத்தார். பக்தாதுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டு பார்த்தால், இந்த ஒரு பிரதி கிடைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

அந்த நூல்தான் கிதாபுல் மனாழிர். பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 வாக்கில் இறந்த இப்னு அல்-ஹைஸம் ஏழு பகுதிகளாக எழுதியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் பார்க்கிறோம் என்ற பழைய கருத்தை அது தள்ளியது. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவியது. சொல்வதைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது அதன் முறை. அந்தச் சோதனைக்கு இப்னு அல்-ஹைஸம் இஃதிபார் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். வருத்தமான செய்தி என்னவென்றால், இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் அது படிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே நாள்களில், அரபு பேசும் கிழக்கில் அதைப் புரட்டியவர்கள் மிகச் சிலராகவே இருந்தார்கள்.

குத்புத்தீன் அப்போது அல்-கானூனுக்கான தம் விளக்கவுரையில் மூழ்கியிருந்தார். ஆகவே மனாழிருக்கு உரை எழுதும் பொறுப்பை மாணவரிடமே விட்டார். அல்-ஃபாரிஸி எழுதி முடித்த பெரும் உரை தன்கீஹுல் மனாழிர். தன்கீஹ் என்றால் பிழை களைந்து செப்பனிடுவது. தலைப்பிலேயே நோக்கம் இருக்கிறது பாருங்கள். இப்னு அல்-ஹைஸமின் நூலைச் சுருக்கிச் சொல்லும் இடம் உண்டு, விரித்துச் சொல்லும் இடம் உண்டு, இது சரியில்லை என்று சொல்லும் இடமும் உண்டு. மூல ஆசிரியர் மீது அவருக்கு இருந்த மரியாதையில் குறைவே இல்லை. ஆனால் அந்த மரியாதைக்காகப் பிழையை மூடி மறைக்கவும் இல்லை.

இப்னு அல்-ஹைஸமின் ஒளியியல் பெருநூலோடு அல்-ஃபாரிஸி நின்றுவிடவில்லை. அதே ஆசிரியரின் சிறு நூல்களையும் தேடிப் படித்து, உரையின் பிற்பகுதியில் சேர்த்தார். நிழல்களைப் பற்றியது, கிரகணத்தின் உருவத்தைப் பற்றியது, ஒளியைப் பற்றியது, சூரிய ஒளியைக் குவித்துத் தீப்பற்ற வைக்கும் கண்ணாடிக் கோளத்தைப் பற்றியது, வானவில்லையும் சந்திரனைச் சுற்றித் தெரியும் வட்டத்தையும் பற்றியது எனப் பல. இவற்றுள் கடைசி இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வானவில்லைப் பற்றி அதுவரை இருந்த விளக்கங்கள் இவை. மேகத்தில் உள்ள சிறு துளிகளில் பார்வை பட்டுத் திரும்புவதால் வில் தெரிகிறது என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தார். இப்னு சீனா அதை அப்படியே ஏற்கவில்லை. வில் தோன்றுவது கருமேகத்தில் அல்ல, அதற்கு முன்னால் பரவியிருக்கும் மெல்லிய ஈரத் துளிகளில்தான். பின்னால் இருக்கும் கருமேகம் கண்ணாடிக்குப் பின்புறம் பூசிய பூச்சுபோலத்தான் என்றார். நிறங்கள் எப்படி வருகின்றன என்பது மட்டும் தமக்குத் தெளிவாகவில்லை என்று ஒளிக்காமல் எழுதினார். அவ்வளவு பெரிய அறிஞர் அதைச் சொன்னது நமக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. இப்னு அல்-ஹைஸமோ, ஹிஜ்ரி 419இல், அதாவது கி.பி. 1028இல், எழுதிய சிறு நூலில் மேகம் முழுவதையும் ஒரு குழி ஆடியாக எடுத்துக்கொண்டார். சூரிய ஒளி அந்த ஆடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது என்பது அவர் விளக்கம். கணக்கு அழகாக இருந்தது. ஆனால் வானில் நடப்பது அதுவல்ல.

அல்-ஃபாரிஸி இதில் நிறைவடையவில்லை. மேகம் ஆடியும் அல்ல, ஒரே பரப்பும் அல்ல. அது தனித்தனித் துளிகளின் கூட்டம். துளி உருண்டையானது, ஒளி ஊடுருவக் கூடியது. அப்படியானால் மேகத்தை விட்டுவிட்டு ஒரு துளிக்குள் ஒளிக்கு என்ன நேர்கிறது என்பதைக் கண்டுபிடித்தால் போதுமே? இந்த இடத்தில்தான் தீப்பற்ற வைக்கும் கோளத்தைப் பற்றிய அந்த இன்னொரு சிறு நூல் கைகொடுத்தது. ஒளி ஊடுருவும் உருண்டைக்குள் கதிர் எப்படி நுழைகிறது, எப்படி விலகுகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதை இப்னு அல்-ஹைஸம் அதில் அடி அடியாக ஆராய்ந்திருந்தார். வானவில்லின் பூட்டும் சாவியும் ஒரே ஆசிரியரின் இரண்டு கிதாப்களில் தனித்தனியாகக் கிடந்தன. பூட்டைப் பற்றி எழுதியபோது அவர் தம்முடைய சாவியை அதில் பொருத்திப் பார்க்கவில்லை. சுமார் முன்னூறு ஆண்டுகள் கழித்து, இரண்டையும் ஒருசேரப் படித்த ஒருவர்தான் பொருத்தினார்.

துளியைக் கையில் பிடித்து ஆராய முடியாது. எனவே பெரிய துளி ஒன்றைச் செய்துகொண்டார். உருண்டையான கண்ணாடிக் குடுவை, அது நிறையத் தண்ணீர். கண்ணாடியின் சுவர் மெல்லியதாக இருப்பதால் ஒளியின் பாதையில் அது பெரிய மாற்றம் செய்யாது, நீர் உருண்டையாகவே கொள்ளலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். பிறகு ஓர் அறையை முழுக்க இருட்டாக்கி, ஒரு துளை மட்டும் விட்டு, அந்தத் துளை வழியே வரும் சூரிய ஒளியைக் குடுவை மீது விழச் செய்தார். துளையைச் சிறிதும் பெரிதுமாக்கினார். குடுவையின் ஒரு பகுதியை ஒளி புகாத பொருளால் மறைத்தார், பிறகு மறு பகுதியை மறைத்தார். எந்தப் பக்கம் நுழைந்த ஒளியை மறைத்தால் எந்தப் பிம்பம் மறைகிறது என்று குறித்துக்கொண்டே போனார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் வானத்தை நான்கு சுவர்களுக்குள் கொண்டுவந்து, தாம் விரும்பியபடி அணைத்தும் ஏற்றியும் பார்த்தார்!

அவர் கண்டது இதுதான். சூரியக் கதிர் துளிக்குள் நுழையும்போது ஒருமுறை விலகுகிறது. உள்ளே போய்த் துளியின் பின்சுவரில் பட்டு ஒருமுறை திரும்புகிறது. வெளியே வரும்போது மறுபடி ஒருமுறை விலகுகிறது. இப்படி வரும் ஒளிதான் நாம் வழக்கமாகக் காணும் வில். சில கதிர்கள் துளிக்குள் ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை திரும்பி வெளியேறுகின்றன. அவற்றால் உண்டாவதுதான் மேலே மங்கலாகத் தெரியும் இரண்டாவது வில். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒளியில் ஒரு பங்கு வெளியே கசிந்துவிடுவதால் அது மங்கல். அதன் நிறங்கள் தலைகீழாக, சிவப்பு உட்பக்கமாக இருப்பதற்கும் அந்தக் கூடுதல் திரும்புதலே காரணம். இன்றைய இயற்பியல் புத்தகத்தில் இருப்பதும் இதே படம்தான். ஒரு கோடுகூட மாறவில்லை.

இந்த விடையைத் தெரிந்துகொண்டால் மாடியில் நிற்கும் பிள்ளைகளின் மற்றக் கேள்விகளுக்கும் வழி திறக்கும். முதல் வில்லுக்குரிய ஒளி, சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து சுமார் 42 பாகை விலகித்தான் மிகுதியாக வருகிறது. அந்த எதிர்ப்புள்ளி எங்கே என்றால் நம் தலையின் நிழல் விழும் திசையில். அதைச் சுற்றி 42 பாகையில் இருக்கும் துளிகள் எல்லாம் சேர்ந்தால் வட்டம். தரை மறைத்தது போக மிஞ்சுவது வில். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் அந்த வட்டம் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அதனால்தான் நண்பகலில் சமதரையில் நிற்பவருக்கு வானவில் கிடையாது. இரண்டாவது வில் 51 பாகை அளவில். இரண்டுக்கும் நடுவே உள்ள வானம் சற்றுக் கறுத்துத் தெரிவதையும் அடுத்த முறை கவனியுங்கள். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது வேறு துளிகளிலிருந்து வரும் ஒளி. ஆகவே கணவனும் மனைவியும் அருகருகே நின்றாலும் பார்ப்பது ஒரே வில் அல்ல.

இந்தக் கோண அளவுகளைக் கணக்கிட்டு, ஏன் அந்த இடத்தில் மட்டும் ஒளி குவிகிறது என்று காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் தெகார்த். அவரும் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டுதான் சோதித்தார். அவர் நூல் 1637இல் வெளிவந்தது. அல்-ஃபாரிஸியிடம் அந்தக் கணக்குக்கான கருவி முழுமையாக இல்லை. ஒளிவிலகலின் சரியான விதியை பக்தாதில் 984 வாக்கில் இப்னு ஸஹ்ல் எழுதிவைத்திருந்தார். அல்-ஃபாரிஸியின் கணக்கில் அது இல்லை. பழைய அளவீடுகளை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட கோணங்களுக்கு மதிப்புகளைத் தாமே கணக்கிட்டு நிரப்பினார்.

நிறங்களின் விஷயத்தில் அவர் தவறினார். வெளிச்சமும் இருளும் கலப்பதாலும், வலுவான பிம்பமும் மங்கிய பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதாலும் நிறங்கள் பிறக்கின்றன என்று விளக்கினார். வெள்ளொளிக்குள்ளேயே எல்லா நிறங்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் விலகுகிறது என்பதை நியூட்டன் காட்ட வேண்டியிருந்தது. அவருடைய ஒளியியல் நூல் வெளியானது 1704இல். தொடக்கத்தில் பாதிக் கேள்வி என்று நாம் சொன்னது இதனால்தான்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துளியை ஒரு கண்ணாடிக் கோளமாகப் பார்க்கும் எண்ணம் உஸ்தாதுடையதா, மாணவருடையதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. குத்புத்தீனுக்கே முழுப் பெருமையும் கொடுத்தவர்கள் உண்டு. சோதனையும் நிறுவலும் விரிவாக இருப்பது மாணவரின் நூலில்தான். நமக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஆசை இல்லை. தம் தேடலில் பாதியை மாணவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய உஸ்தாதும், தேடலைத் தொடங்கிவைத்தவர் உஸ்தாதே என்று பதிவுசெய்த மாணவரும் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், ஜெர்மனியில் ஃப்ரைபர்க் ஊரைச் சேர்ந்த தியோடோரிக் என்ற கிறித்தவத் துறவி, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைக் கொண்டு இதே சோதனையைச் செய்து இதே முடிவை எழுதினார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவர் எழுதியது மற்றவருக்குப் போய்ச் சேர வழியும் இல்லை. ஆனால் தியோடோரிக்கின் கையிலும் இப்னு அல்-ஹைஸமின் ஒளியியல் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இருந்தது.

இப்னு அல்-ஹைஸமின் பெயரில் ஒரு பிழை நம்மிடையே அடிக்கடி உலவுவதால் அதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்தி வெளிச்சத்தை வைத்துக் காற்று மண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் அவர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு உண்மை, பெயர்தான் மாறிவிட்டது. எழுதியவர் பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜயான் நகரில் வாழ்ந்த இப்னு முஆத். இலத்தீனில் போனபோது நூல் இப்னு அல்-ஹைஸமின் பெயருக்கு மாறிவிட்டது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது முதல் வெளிச்சம் தோன்றுகிறது என்பதிலிருந்து அவர் கணக்கைத் தொடங்கினார். ஃபஜ்ர் நேரத்தைக் கணக்கிடுபவர்கள் இன்றும் தொடங்குவது அதே இடத்தில்தான்.

அல்-ஃபாரிஸி ஒளியோடு மட்டும் வாழ்ந்தவர் அல்லர். எண்களிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு. 220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை, அதை மட்டும் விட்டுவிட்டு, கூட்டினால் 284 வரும். 284க்கு அப்படியே செய்தால் 220 வரும். இப்படி ஒன்றையொன்று பெற்றுத்தரும் இணைகளை நேச எண்கள் என்பார்கள். பேனாவும் தாளும் கொடுத்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார்கள். இந்த இணைகளைக் கண்டுபிடிக்க 901இல் இறந்த ஸாபித் இப்னு குர்ரா ஒரு விதி தந்திருந்தார். அல்-ஃபாரிஸி அந்த விதிக்குப் புதிய வழியில் நிறுவல் எழுதினார். அதற்காக, எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம் என்பதையும், அந்தப் பகா எண்களை எத்தனை விதமாகச் சேர்த்து வகுஎண்களைப் பெறலாம் என்பதையும் முறையாக ஆராய்ந்தார். 17296, 18416 என்ற இணை அவர் நூலில் இருக்கிறது. ஐரோப்பாவில் இதே இணையை ஃபெர்மா 1636இல் வெளியிட்டார். நெடுங்காலம் அது ஃபெர்மாவின் பெயரிலேயே வழங்கியது.

ஒளியியலை மாணவர்கள் எளிதாகக் கற்பதற்காக அல்-பஸாயிர் என்ற பாடநூலையும் எழுதினார். பேருரையை எழுதிய கையே, சோதனைகளையும் நீண்ட நிறுவல்களையும் எடுத்துவிட்டு, முடிவுகளை மட்டும் சுருக்கித் தந்தது. பாடம் நடத்துபவரின் தேவையை அறிந்தவர் செய்யும் வேலை அது. ஆனாலும், நாம் அந்த வகுப்பில் இருந்திருந்தால் இருட்டறையை விட்டுவிட்டீர்களே என்று உஸ்தாதிடம் முறையிட்டிருப்போம்.

அவருடைய குடும்பத்தைப் பற்றியோ அன்றாட வாழ்க்கையைப் பற்றியோ சொல்லும்படியான செய்திகள் நம் கைக்கு வரவில்லை. 1318இல் அமைச்சர் ரஷீதுத்தீன் கொல்லப்பட்டு, அவர் எழுப்பிய கல்விக் குடியிருப்பு சூறையாடப்பட்டது. 1319 வாக்கில் அல்-ஃபாரிஸியும் தப்ரீஸில் இறந்தார். சில ஆண்டுகளில், 1335க்குப் பிறகு, அந்த அரசே சிதறிப்போனது.

தன்கீஹ் இலத்தீனுக்குப் போகவில்லை. தெகார்த்துக்கும் நியூட்டனுக்கும் அப்படியொரு நூல் இருந்ததே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கையெழுத்துப் பிரதிகளாகக் கிழக்கிலேயே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லின் வானியலாளர் தகியுத்தீன் தம் ஒளியியல் நூலுக்கு அதைப் பயன்படுத்தினார். மற்றபடி அதன் மேல் தூசி படிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய இயற்பியலாளர் வீடமான் அந்தப் பிரதிகளை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதை முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டது கெய்ரோவோ இஸ்தான்புல்லோ தெஹ்ரானோ அல்ல, நம் நாட்டின் ஹைதராபாத். 1888இல் அங்கே தொடங்கப்பட்ட தாயிரத்துல் மஆரிஃப், அரிய அரபுக் கையெழுத்து நூல்களைத் தேடி அச்சிடுவதையே தன் பணியாகக் கொண்டிருந்தது. ஹிஜ்ரி 1347, 1348 ஆண்டுகளில், அதாவது 1928க்கும் 1930க்கும் இடையே, தன்கீஹுல் மனாழிரை அது இரண்டு பாகங்களாக வெளியிட்டது. கெய்ரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த முஸ்தஃபா நழீஃப் 1940களில் இப்னு அல்-ஹைஸமைப் பற்றித் தம் பெரிய ஆய்வை எழுதியபோது அல்-ஃபாரிஸியின் சோதனைகளுக்கும் அதில் இடம் கொடுத்தார்.

இப்னு அல்-ஹைஸமின் கிதாபுல் மனாழிரோ, அதன் அரபு மூலத்தில் முதல் மூன்று பகுதிகள் அச்சேறுவதற்கு 1983ஆம் ஆண்டு வரை காத்திருந்தது, குவைத்தில் வெளியானது. அதுவரை அரை நூற்றாண்டுக் காலம், அந்தப் பெருநூலை அச்சில் அரபியில் அறிய விரும்பியவர்கள் ஹைதராபாத் பதிப்பைத் திறந்து, அல்-ஃபாரிஸியின் உரை வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.